தேமல் விழுந்த எருமைநாக்கு

அடுத்ததும் தேமல்தான். ஜெனோவா அதன் வாலைப் பிடித்துத் தூக்கி இடது பக்கத்துச் சிவப்புத் தொட்டியில் விட்டெறிந்தாள். 'சொத்' என்று அது விழுந்த சத்தமே அவளுக்குக் குமட்டியது. எருமைநாக்கு என்று இந்த மீனுக்கு எவன் பேர் வைத்தானோ அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அத்தனை பொருத்தம். தட்டையாக, கொழகொழவென்று, மேல்பக்கம் கறுப்பும் அடிப்பக்கம் வெள்ளையுமாக, ரெண்டு கண்ணும் கறுப்புப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஆளை முறைக்கிற பிறவி. கடலில் பிடிபடுவதாவது மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று ஒரு மரியாதையோடு இருக்கும். இது கம்பெனி தன் பண்ணையில் தொட்டி கட்டி வளர்க்கிற மீன். கறுப்பு இருக்க வேண்டிய முதுகில் திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்திருக்கும், பால் சிந்தி உறைந்த மாதிரி. அதற்குத்தான் மீனைத் தரம் பிரிக்கிற இந்த மேசைப் பெண்கள் தேமல் என்று பேர் வைத்திருந்தார்கள். சிலது அதற்கு நேர் எதிர். வெள்ளையாக இருக்க வேண்டிய அடிவயிற்றிலும் கறுப்பு ஏறி, எந்தப் பக்கம் முதுகு, எந்தப் பக்கம் வயிறு என்றே தெரியாது. அது 'ரெண்டு முதுகன்'. இரண்டுமே வெளிநாட்டு ஓட்டலுக்கு ஆகாது. அங்கே முழு மீனாகத் தட்டில் படுக்க வைப்பார்களாம், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம். செத்துக் கிடக்கிறதுக்கு என்ன லட்சணம்! ருசியில் ஒரு குறையும் கிடையாது, எதிரே நிற்கிற சுடலைவடிவு ஆக்கித் தின்று பார்த்தே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் சிவப்புத் தொட்டிதான். தோலை உரித்து, துண்டு போட்டு, எந்த மீன் என்றே அடையாளம் தெரியாமல் ஆக்கி, உள்ளூரில் தள்ளிவிடுவார்கள். ஜெனோவாவும் வேலைக்கு வந்த நாள் முதல் இதைத்தான் செய்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இன்றைக்கு என்னவோ ஒவ்வொன்றையும் தூக்கும்போது நெஞ்சுக்குக் கீழே ஒன்று புரண்டு புரண்டு மேலே வந்தது.

காலையில் உள்ளே நுழையும்போதே சூப்பர்வைசர் எமல்டா மேடம் வாசலில் நின்று சொல்லிவிட்டாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இன்னைக்கு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு உள்ள வாரவ கைய விரிச்சு முன்னயும் பின்னயும் காட்டணும். புண்ணு, சொறி, தோல்ல வேற என்ன கிடந்தாலும் உள்ள விட மாட்டேன். டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டுத்தான் வரணும். எம்மேல வருத்தப்படாதீங்க, ஆபீஸ் உத்தரவு." கை பார்ப்பது புதிசில்லை. தினமும் கையுறை மாட்டுவதற்கு முன்னால் குளோரின் தண்ணீரில் கையை முக்கி எடுத்து எமல்டாவிடம் நீட்டத்தான் வேண்டும். ஆனால் அது பேருக்கு. ஜெனோவா மோதிர விரலைக் கொஞ்சம் மடக்கி, நடுவிரலை அதன் மேல் சாய்த்து, அவசரத்தில் நீட்டுவது போல நீட்டி இழுத்துக்கொள்வாள். எமல்டாவும் போ போ என்று விட்டுவிடுவாள். இனிமேல் விரிக்க வேண்டும், திருப்ப வேண்டும். ரப்பர் உறைக்குள் வியர்வையில் ஊறிக் கிடக்கிற அந்த விரலை இப்போதும் அவளால் தனியாக உணர முடிந்தது. வலது கை மோதிர விரல், நடுக்கணுவுக்குக் கீழே. முதலில் ஒரு மிளகளவு வெள்ளை. அப்புறம் புளியங்கொட்டை. போன வாரம் நகக்கண்ணை ஒட்டி இன்னொன்று. வலிக்காது, அரிக்காது, எரியாது. அதுதான் அவளுக்கு ஆகவில்லை. வலித்தால் பாவம் என்பார்கள், அரித்தால் சொறிந்தாவது விடலாம், இது ஒன்றும் பேசாமல் கிடந்து வளர்கிறது. தன் உடம்பிலேயே ஒன்று தனக்குத் தெரியாமல் நடக்கிறதென்றால் அந்த உடம்பு யாருடையது? தேமல், வெறும் தேமல் என்றுதான் அவள் முதலில் சொல்லிக்கொண்டாள். மீனுக்குச் சொல்கிற பேரையே தனக்கும் சொல்லிக்கொள்கிறோமே என்று அப்போது உறைக்கவில்லை. மருந்துக்கடையில் தேமலுக்குக் களிம்பு வாங்கித் தடவியும் பார்த்தாள். தேமல் என்றால் போயிருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி, விரலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, "வெண்புள்ளிம்மா, தொத்தாது, பயப்படாதீங்க, மருந்து இருக்கு" என்றாள். வெண்புள்ளி. வாசலில் கோலத்துக்கு வைக்கிற புள்ளி மாதிரி எத்தனை அழகான பேர். கவர்மெண்டே அப்படித்தான் சொல்லச் சொல்கிறதாம். கவர்மெண்டு சொன்னால் தெருவில் எவள் கேட்கிறாள்? தெருவுக்கு அது வெண்குஷ்டம். குஷ்டம் என்ற சொல்லைக் காதில் கேட்டதும் முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? டாக்டரம்மாவிடம் எழுதி வாங்க எவ்வளவு நேரம் ஆகும், இன்றைக்கே போனால் நாளைக்கு வாங்கிவிடலாம். தொத்தாது என்றே எழுதிக் கொடுப்பாள். அந்தக் காகிதத்தை எமல்டா படிப்பாள், ஆபீஸ் படிக்கும், ஐஸ் போடுகிற ஆள் வரைக்கும் வந்து சேரும். போன வருஷம் ஒருத்தி, முழங்கையில் கரப்பான் படை, அவளும் இப்படித்தான் தொத்தாது என்று எழுதி வாங்கி வந்தாள். உள்ளே விட்டார்கள். விட்டு என்ன, அவள் தொட்ட கத்தியை ஒருத்தியும் தொடவில்லை, அவள் உட்கார்ந்த பெஞ்சில் ஒருத்தியும் உட்காரவில்லை. ஒரு வார்த்தை யாரும் தப்பாகப் பேசவுமில்லை. தானாகவே நின்றுவிட்டாள். அப்போது ஜெனோவாவும்தான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். அதற்காக இப்போது அழுது மூக்கைச் சிந்துகிற ஜாதியில்லை அவள். யாராக இருந்தாலும் எழுந்துதான் போவார்கள், சாப்பாட்டு நேரத்தில் கண்ணுக்கு முன்னால் அதைப் பார்த்தால் சோறு இறங்காது. சோறு இறங்காது என்பது உண்மைதானே. அவளுக்கே இப்போது தன் கையால் பிசைந்த சோறு இறங்கவில்லை, ஒரு வாரமாகக் கரண்டியால் தின்கிறாள்.

"ஏளா, என்ன யோசன? ரெண்டு முதுகன நல்ல பக்கம் போடுத" என்றாள் சுடலைவடிவு. ஜெனோவா பார்த்தாள். போட்டுத்தான் இருந்தாள். எடுத்துத் திருப்பினாள். இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, அடிப்பக்கத்தில் மட்டும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று தோல். அவள் சட்டென்று அதைச் சிவப்புத் தொட்டியில் வீசினாள். பண்ணையிலிருந்து ஒரு சார் ஒரு தடவை வந்து மேசையைச் சுற்றி நின்று பாடம் நடத்தினார். இந்தக் குஞ்சுகள் பொரித்து வரும்போது மற்ற மீன் மாதிரியே நிமிர்ந்துதான் நீந்துமாம், பக்கத்துக்கு ஒரு கண்ணாக, ஒழுங்காக. கொஞ்ச நாளில் ஒரு கண் மெதுவாக நகர்ந்து நகர்ந்து தலை உச்சியைத் தாண்டி அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்துவிடுமாம். அப்புறம் அது ஒருச்சாய்த்துப் படுத்துவிடும், சாகிற வரைக்கும் படுக்கைதான். அந்தக் கண் நகர்கிற சமயத்தில்தான் மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று நிறமும் முடிவாகிறதாம். அந்த நேரம் பார்த்துத் தீனி சரியில்லை என்றால், வெளிச்சம் கூடக்குறைய இருந்தால், இப்படித் தாறுமாறாகத் திட்டு விழுமாம். ஒருதரம் விழுந்தால் விழுந்ததுதான் என்றார். மற்றவர்கள் அப்படியா சார், அப்படியா சார் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது ஜெனோவாவுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறி, வெளியே ஓடிப் போய்த் துப்பினாள். முகத்துக்குள் கண் ஊர்ந்து போகிறதை நினைத்தாலே இன்றைக்கும் அவளுக்குத் தன் புருவத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். தீனி சரியில்லையாம். சாருக்கு என்ன, சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். தீனி என்ற சொல் இவளிடம் தங்கிவிட்டது, பல்லிடுக்கில் முள் மாதிரி.

ஏனென்றால் தீனியில் தப்புச் செய்தவள் அவள்தான் என்று மேசைக்கு மேசை சாட்சி இருந்தது. மீன் தின்ற வாயில் பால் படக்கூடாது. இந்தக் கம்பெனியில் அது ஆபீஸ் உத்தரவை விடப் பெரிய உத்தரவு. மத்தியானம் கேண்டீனில் இலவசமாகப் பால் டீ ஊற்றுவான், ஒருத்தி தொட மாட்டாள். வீட்டிலிருந்து கொண்டு வந்த மீன் குழம்புச் சோற்றைத் தின்றுவிட்டு எல்லாரும் கடுங்காப்பிதான் குடிப்பார்கள். மீனும் பாலும் வயிற்றில் சேர்ந்தால் தோலில் வெள்ளை பூக்கும். யார் சொன்னது என்றெல்லாம் கேட்கக்கூடாது, பூக்கும், அவ்வளவுதான். ஜெனோவா ஒருத்திதான் சாளைக் குழம்பையும் தின்றுவிட்டுப் பால் டீயையும் வாங்கி, ஏடு மிதக்கிற டீயாகக் கேட்டு வாங்கி, உறிஞ்சுவாள். "நாக்குக்கு ருசி கேக்குது, குடுக்கேன். என் வயித்துக்குள்ள ரெண்டுக்கும் சண்டை வந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரிப்பாள். சுடலைவடிவு தலையில் அடித்துக்கொள்வாள். "உனக்கு நாக்குலதான் சனி." இத்தனை பேச்சும் இத்தனை பேர் காதிலும் இருக்கிறது. விரலை ஒருத்தி பார்த்தால் போதும், ஒரே நிமிஷத்தில் அந்த டீயும் சாளைக் குழம்பும் எழுந்து வந்து நிற்கும். இவள் கேட்டதற்கு டாக்டரம்மா, இல்லம்மா, பால்னால எல்லாம் வராது என்று சிரித்தாள்தான். ஜெனோவா நம்பவும் செய்தாள். நம்பிக்கொண்டே அன்றிலிருந்து பால் டீயை விட்டாள். டீக்காரன் கிளாசை நீட்டும்போது இப்போது அந்த வாடையே பிடிக்கவில்லை. பாலின் மேல் படிகிற ஏடு, அந்த வெள்ளைச் சுருக்கம், அதை விரலால் வழித்து நக்கியது எந்த விரல்? வலது கைதான். அவள் அந்த எண்ணத்தை அங்கேயே வெட்டினாள். வெட்டினாலும் அது வால் மாதிரி துடித்துக்கொண்டே கிடந்தது.

ரொசாரியோவிடம் முதல் நாளே காட்டினாள். கட்டின புருஷன், காட்டாமல் யாரிடம் காட்டுவது? லாஞ்சுக்குப் போகிறவன், கையெல்லாம் கயிறு அறுத்த தழும்பு, சுறா கடித்த ஆளுக்கே கட்டுப்போட்டவன். விரலைப் பார்த்தான், தொடவில்லை. "தேமல்தாம்ட்டி, சரியாயிரும்" என்றான். அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷன். தினமும் "குறைஞ்சிருக்கா?" என்று கேட்கிறான், டி.வி. பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. மீன் சினை என்றால் அவனுக்கு உயிர், இவள் தட்டிலிருந்து இவள் கையாலேயே உருண்டை பிடித்து வாயில் வைக்கச் சொல்லிக் கேட்டுத் தின்பான், இந்த வயசிலும் வெட்கமில்லாமல். இப்போது "வயிறு ஒரு மாதிரி இருக்கு, நீ தின்னு" என்கிறான். வயிறு ஒரு மாதிரி இருக்கிறவன் பக்கத்துக் கடையில் புரோட்டா தின்கிறதை அவள் பார்க்காமலா இருக்கிறாள்? திட்டினால்கூடத் தேவலை. சீ என்று ஒரு வார்த்தை சொன்னால் இவளும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவனாகவே இருக்கிறான். அந்த நல்லதனத்தின் மேல்தான் அவளுக்கு அருவருப்பு, அழுகின மீனைப் பளபளப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிற மாதிரி. கம்பெனியில்தான் அவளுக்கு இன்னமும் அந்த நல்லதனம் தொடங்கவில்லை. இங்கே இன்னமும் சுடலைவடிவு இவள் தூக்குவாளியிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துக் கடிக்கிறாள், அவள் முதுகில் அடிக்கிறாள், நாக்கில் சனி என்கிறாள். உலகத்தில் அவளைத் தொட்டுப் பேசுகிற இடம் இது ஒன்றுதான் மிச்சம். அதுதான் இன்றைக்கு மத்தியானம் போகப்போகிறது. வேலை போனால் இன்னொரு வேலை. ஊரில் இந்த மாதிரி மீன் கம்பெனிக்கா பஞ்சம்? இது போனால் எங்கே கிடைக்கும்?

மணி அடித்தது. உறையைக் கழற்றும்போது விரல்கள் வெந்த மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன, எல்லாருக்கும்தான். ஒரு நிமிஷம் பத்து விரலும் ஒரே நிறமாகத் தெரிந்து அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் ரத்தம் ஏறி ஒன்பதும் கறுத்தன, அது மட்டும் அப்படியே நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள். "துரசாணி, இன்னைக்கும் கரண்டியா?" என்றாள் சுடலைவடிவு. கேட்டுவிட்டு இவள் தூக்குக்குள் கையை விட்டு ஒரு துண்டு வாளையை எடுத்துக்கொண்டாள். எடுத்துத் தின்ற வாயையே ஜெனோவா பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளை ஒதுக்கிய நாக்கு, எண்ணெய் மினுங்கிய உதடு, கடைவாயில் ஒட்டின சோறு. பார்க்கப் பார்க்கக் குமட்டியது. அந்தக் குமட்டலுக்குள்ளேயே ஒரு பாசமும் வந்தது, தின்னட்டும், இன்றைக்காவது தின்னட்டும் என்று. இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தத் துண்டு அந்தத் தொண்டையில் பாதியில் நிற்கும். நிற்பதை இவள் பார்க்க வேண்டியிருக்கும். வேண்டாம். வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விடலாமா? நாளைக்கு? நாளைக்கும் வயிற்று வலியா? வயிறு ஒரு மாதிரி இருக்கு என்று ரொசாரியோ சொன்னது நினைவு வந்து, அவன் பொய்யையே தானும் வாயில் போட்டு மெல்லுகிறோமே என்று துப்பத் தோன்றியது. அடியில் வெள்ளை, மேலே கறுப்பு, வெள்ளையை மண்ணில் அமுக்கிக்கொண்டு ஒருச்சாய்த்துப் படுத்தே கிடக்கிற பிழைப்பு. மீனுக்காவது அது பிறவி. விரலை மடக்கி, விரலை மறைத்து, கூட்டத்தில் கையைச் சேலைக்குள் விட்டு, இவள் எதற்காகப் படுத்துக் கிடக்கிறாள்?

வரிசை நகர்ந்தது. குளோரின் தொட்டியில் கையை முக்கினாள், காந்தியது. எமல்டா மேடம் வெள்ளைக் கோட்டுப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஒவ்வொருத்தி கையையும் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே பங்குக் கோயில்காரிதான், எமல்டாவின் தாயாருக்கும் ஜெனோவாவின் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை உண்டு. இங்கே மட்டும் மேடம். முன்னால் நின்றவளின் நகத்தைக்கூட விடவில்லை, "இத வெட்டிட்டு வா நாளைக்கு" என்று விரலைச் சுண்டினாள். அடுத்து சுடலைவடிவு. எமல்டா அவள் கையைப் பிடித்து, உள்ளங்கைக் காய்ப்பைத் தடவி, என்னமோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்து ஜெனோவா. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டாள், அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை. கையை நீட்டினாள். விரித்தாளா மடக்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

எமல்டா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பார்க்கவுமில்லை. ஜெனோவாவின் தோளுக்கு மேலே, சுவரில் ஒட்டியிருந்த கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டு, கையிலிருந்த பேனாவால் உள்ளே என்று காட்டினாள். "போ, போ. நேரமாவுது."

தப்பித்தாள். முதலில் வந்தது அந்தச் சுகம்தான். இரண்டடி உள்ளே வைத்தும் விட்டாள். அப்புறம்தான் அந்தப் பேனா உறைத்தது. மற்றவர்களுக்கெல்லாம் கை, இவளுக்குப் பேனா. தெரியும். எமல்டாவுக்குத் தெரியும், எத்தனை நாளாகவோ தெரியும். ஜெனோவா மடக்கி நீட்டிய அத்தனை நாளும் எமல்டா காலண்டரைத்தான் பார்த்திருக்கிறாள். ரொசாரியோ டி.வி.யைப் பார்க்கிற மாதிரி. இனி தினமும் இரண்டு வேளை இந்தப் பேனாவுக்கு முன்னால் நின்று, இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி, நல்லவர்களாக, சாகிற வரைக்கும். அவள் வயிற்றிலிருந்து கிளம்பியது இந்தத் தடவை தொண்டையில் நிற்கவில்லை, வாய்க்கே வந்துவிட்டது. திரும்பி வந்து, வரிசையில் அடுத்து நின்றவளைத் தள்ளிக்கொண்டு, கையை எமல்டாவின் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"மேடம், என் கைய நீங்க பாக்கல."

"பாத்தேன், போ."

"பாக்கல. எல்லாரு கையயும் பிடிச்சுப் பாத்தீய. என் கையயும் பிடிச்சுப் பாருங்க."

எமல்டா பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள். "கிறுக்காட்டி உனக்கு? பாக்கக் கூடாதுன்னுதான் பாக்காம இருந்தேன். பாத்தா நான் என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்லா? கைய எடு. உள்ள போ."

பின்னால் வரிசை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. உள்ளே உறை மாட்டிக்கொண்டிருந்த சுடலைவடிவு, "என்னளா?" என்று திரும்பி வந்தாள். ஜெனோவா இன்னமும் கையை எடுத்துவிடலாம். எடுத்தால் ஒன்றும் நடக்காது. எடுக்கவில்லை. மோதிர விரலை மற்ற விரல்களிலிருந்து பிரித்துத் தனியாக நீட்டினாள். சுடலைவடிவு பார்த்தாள். அவள் வாய் திறந்தது, அப்புறம் அவள் வலது கை தன்னாலே மேலே போய் அந்த வாயை மூடிக்கொண்டது.

எமல்டா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். இரண்டு கையாலும் ஜெனோவாவின் கையைப் பிடித்தாள். மற்றவர்களுக்குப் பார்த்ததை விட அதிக நேரம், முன்னும் பின்னும், நகக்கண் வரைக்கும் பார்த்தாள். "வீட்டுக்குப் போ. எழுதி வாங்கிட்டு வா" என்றாள். குரல் உடைந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடேயே, அடுத்தவளைக் கூப்பிடுவதற்கு முன்னால், தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.